அவரும் போயிட்டாரு

நவம்பர் முதல் வாரத்தில் ஷைலா டீச்சரிடம் ஒரு ஆணையையும், கழுத்தில் மாட்ட ஒரு அட்டையையும், சணல் கயிற்றால் கட்டிய இரண்டு படிவக் கட்டுகளையும் கொடுத்தார்கள். வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்துகிறார்களாம். பருத்திப்பட்டுப் பக்கம் ஐந்து தெருவும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பும் சேர்ந்த பாகத்துக்கு அவள்தான் வாக்குச்சாவடி நிலை அலுவலர். ஆயிரத்து நூற்று நாற்பது பெயர்கள். வீடு வீடாகப் போய் ஆளுக்கு இரண்டு படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கி, போனில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒரு மாதத்துக்குள்.

அவள் பதினெட்டு வருடமாக மூன்றாம் வகுப்பு எடுப்பவள். அந்த ஒரு மாதமும் அவள் பிள்ளைகளை நான்காம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்தார்கள். அறுபத்திரண்டு பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்ட நான்காம் வகுப்பு டீச்சர், ஷைலா ஏதோ ஊட்டிக்குப் போய்விட்டு வந்தவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தெருக்களில் இருந்தவர்கள் ரேஷன் கார்டு போய்விடுமா என்று பயந்தார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருந்தது என்று படிவம் கேட்டது. அப்போது கல்யாணமே ஆகாமல் வந்தவாசியிலோ செய்யாறிலோ அப்பா வீட்டில் இருந்த பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? அதையும் ஷைலாதான் தேடிக் கொடுத்தாள். அடுக்குமாடியில் செக்யூரிட்டி அவளை உள்ளே விடவே நாலு நாள் ஆனது. உள்ளே போனால், தேனியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் கதவைப் பாதி திறந்து, "லிங்க் இருந்தா அனுப்பிடுங்க மேடம்" என்றார்கள். லிங்க்கும் இருந்தது. அதில் போனால் ஓடிபி வராது. ஓடிபி வராவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

இதற்கெல்லாம் மேல் அந்த வாட்ஸ்அப் குழு. தினமும் காலை ஆறு மணிக்கு எந்தப் பாகம் எத்தனை சதவீதம் முடித்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். பின்தங்கியவர்களின் வரி சிவப்பில் இருக்கும். அதை அனுப்புகிற மேற்பார்வையாளர் கிருஷ்ணப்பிரியாவுக்கு முப்பது வயதுதான். வருவாய்த் துறையில் உதவியாளர். அவளுக்கும் மேலே யாரோ சிவப்பு அடித்து அனுப்புகிறார்கள் என்பது ஷைலாவுக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல் குறையவில்லை. பதினெட்டு வருடத்தில் அவள் எந்தப் பிள்ளையின் பெயரையும் கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸால் எழுதி வைத்ததில்லை.

பதினான்காம் எண் வீட்டுக்கு அவள் மூன்றாவது தடவையாகப் போன அன்று மழை விட்டும் விடாமல் பெய்துகொண்டிருந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். அன்று காலை அவள் பாகம் ஐம்பத்தெட்டு சதவீதத்தில், சிவப்பில் இருந்தது. கீழ்வீடு எப்போதும் போலப் பூட்டிக் கிடந்தது. கையில் இரண்டு பேரின் படிவங்கள்: ஏகாம்பரம், வயது எழுபத்தொன்று, அவர் மனைவி கண்ணம்மா, அறுபத்தாறு. மாடியில் குடியிருக்கும் ஜெபா என்ற பெண் காதில் ஹெட்போனோடு பால்கனிக்கு வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி, ஐடி கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தேதான். கீழ்வீட்டுக்காரர்கள் எங்கே என்று ஷைலா குடைக்குள்ளிருந்து அண்ணாந்து கேட்டாள்.

"அந்தம்மா போன வருஷமே போயிட்டாங்க டீச்சர். பொறவு அவரும் போயிட்டாரு. வீடு பூட்டித்தான் கெடக்கு."

சொல்லிவிட்டு ஜெபா யாருக்கோ ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஷைலாவுக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது. ஒருவர் போய் ஒரு வருடத்துக்குள் இன்னொருவரும் போவது அந்தத் தெருவிலேயே ஏற்கெனவே ஒரு வீட்டில் நடந்திருந்தது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நோட்டில் இரண்டு வரி எழுதினாள். கண்ணம்மா, இறப்பு. ஏகாம்பரம், இறப்பு. தகவல்: மேல்வீடு ஜெபா. இரண்டு பெயர் முடிந்தது என்ற நிம்மதியும் அந்த வருத்தத்தோடு சேர்ந்தே வந்தது. அதை அவள் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தாள்.

நீக்கப்படப் போகிற பெயர்களை எல்லாக் கட்சி முகவர்களையும் உட்கார வைத்துப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. படித்துக் காட்டினாள். நாலு பேர் வந்திருந்தார்கள். அதில் சந்தோஷ் என்பவன் அதே தெருக்காரன். ஏகாம்பரத்தைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவன். அவள் அந்தப் பெயரைப் படித்தபோது அவன் போனில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். படித்து முடித்ததும் நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வரைவுப் பட்டியல் வந்தது. கிறிஸ்மஸ் வந்தது. ஷைலா அந்த வருடம் கேக்கைக் கடையில் வாங்கினாள். அதற்கடுத்த சனிக்கிழமை, பெயர் விட்டுப்போனவர்களுக்கான முகாம். அவள் வகுப்பறையிலேயே மேசை போட்டு உட்கார வைத்தார்கள். பதினோரு மணி இருக்கும். ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திய ஒருவர் வரிசையில் நிற்காமல் நேராக மேசைக்கு வந்து, ஒட்டியிருந்த பட்டியலைப் போனில் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். இரண்டு விரலால் பெரிதாக்கி ஒரு வரியைத் தொட்டார்.

"இது யாரும்மா எழுதனது?"

அவள் தான்தான் என்றாள்.

"நான்தாம்மா ஏகாம்பரம். உன் எதுர்லதான் நின்னுகினு கீறேன். நல்லா பாத்துக்கோ."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஷைலாவுக்கு முகம் சூடானது. அவர் சிரிக்கவில்லை. அண்ணனூர் ரயில்வே கார்ஷெட்டில் முப்பத்து நாலு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு நூம்பலில் மகள் வனஜா வீட்டோடு போய்விட்டார். யாரோ இந்தப் பட்டியலை வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். கார்ஷெட்டில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வனஜாவைக் கூப்பிட்டு, காரியம் என்றைக்கு, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று அழுதிருக்கிறார். போனை வாங்கி இவரே பேசியும் அந்த ஆள் நம்ப அஞ்சு நிமிஷம் ஆனதாம்.

ஷைலா நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தாள். அவள் கையெழுத்துதான். தகவல் சொன்னவர் பெயரும் இருந்தது. அது இருந்ததில் ஒரு சின்ன தைரியம் வந்து, மேல்வீட்டுப் பெண் சொல்லித்தான் எழுதினேன் என்று அவரிடம் சொன்னாள். அப்படியா, வா கேட்போம் என்றார் அவர். முகாமை அரை மணி நேரம் சத்துணவு அமைப்பாளரிடம் விட்டுவிட்டு அவள் அவரோடு நடந்தாள்.

ஜெபா கதவைத் திறந்ததும் அவரைப் பார்த்து, சாவி வேண்டுமா அங்கிள் என்று சாதாரணமாகக் கேட்டாள். ஷைலா விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் செத்துட்டாருன்னு எப்ப சொன்னேன் டீச்சர்? அவரும் போயிட்டாருன்னுதானே சொன்னேன். பொண்ணு வீட்டுக்குப் போனாரு."

ஷைலாவுக்கு அந்த மழையும் பால்கனியும் அந்த வாக்கியமும் அப்படியே நினைவுக்கு வந்தன. அந்தம்மா போயிட்டாங்க. அவரும் போயிட்டாரு. இரண்டுக்கும் ஒரே சொல். அவள் தினமும் மொழிப்பாடம் எடுக்கிறவள். எங்கே போனார் என்று இன்னொரு கேள்வி கேட்க அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. படியிலேயே நின்று ஏகாம்பரத்திடம் தப்பு என்னுடையதுதான் ஐயா என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தார் என்றும் சொல்ல முடியாது, மறுத்தார் என்றும் சொல்ல முடியாது. சரி, இப்போது என்ன செய்யணும் என்று கேட்டார்.

என்ன செய்யணும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அவர் ஏற்கெனவே நூம்பல் பகுதி அலுவலரிடம் போயிருந்தார். நிர்மல் என்று ஒருவர், மின்சாரப் பிரிவில் வேலை பார்ப்பவர். உங்கள் பெயர் அங்கே இறந்தவர் என்று நீக்கப்பட்டிருக்கிறது, அதை அங்கே சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று அவர் திருப்பி அனுப்பியிருந்தார். இங்கே கேட்டால், நீங்கள் இங்கே குடியிருக்கவில்லை, இங்கே சேர்க்க முடியாது, அங்கே புதிதாக விண்ணப்பியுங்கள் என்றார்கள். புதிதாக என்றால் ஆறாம் எண் படிவம், பதினெட்டு வயது ஆன பிள்ளைகள் நிரப்புவது. அதையும் வனஜா நிரப்பிக் கொடுத்திருந்தாள். நிர்மல் அதை ஏற்றப் பார்த்தபோது இதே பெயர், இதே அப்பா பெயர், இறந்தவர் என்று போன் நின்றுவிட்டதாம். இவர் பெயர் தவறாக நீக்கப்பட்டது என்று ஒரு கடிதம் கொடுங்கள், நான் மேலே அனுப்புகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். யார் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஷைலா கிருஷ்ணப்பிரியாவிடம் போனாள். கிருஷ்ணப்பிரியா இரண்டு போன்களுக்கு நடுவில், காலைச் சாப்பாட்டைத் திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். பிறகு மேல்வீட்டுப் பெண்ணிடம் எழுதி வாங்கச் சொன்னாள். நான் தவறான தகவல் கொடுத்துவிட்டேன் என்று அவள் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், எல்லாம் முடிந்தது.

அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் ஷைலா அன்று மாலை போனாள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜெபா அவளுக்கு முன்னால் தன் படிவத்தின் நகலை எடுத்து வைத்தாள். அதன் அடியில், பொய்த் தகவல் கொடுத்தால் சிறைத் தண்டனை உண்டு என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. ஜெபாவின் பெயரே இன்னும் தொங்கலில் இருந்தது. பழைய பட்டியலில் அவள் அப்பா பெயர் வேறு எழுத்தில் இருந்ததால் அவளை விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. கல்யாணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. "நான் சொன்னது தப்பில்லையே டீச்சர், நான் எதுக்கு எழுதிக் குடுக்கணும்?" என்று அவள் கேட்டாள். ஷைலா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. டீ குடிக்கச் சொன்னாள் ஜெபா. குடித்துவிட்டு இறங்கினாள்.

வீட்டில் கணவன் டேவிட் ஒரே வார்த்தையில் சொன்னான்: எழுத்தில் எதுவும் கொடுக்காதே. அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஒரு விபத்து நடந்தால் முதலில் உண்மையை எழுதிக் கொடுத்தவனைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள் என்று அவனுக்கு அனுபவம். ஷைலாவுக்கும் 17-பி குற்றச்சாட்டு மெமோ என்றால் என்னவென்று தெரியும். பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் அடுத்த வருடம் வர வேண்டும். அந்த நேரத்தில் ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு தாள் ஃபைலில் இருந்தால் அது வராது.

அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சதவீதம் கேட்டவர்கள் மேலா, எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்ட நாலு பேர் மேலா, வீடு மாறினதைச் சொல்லாமல் போன பெரியவர் மேலா? கடைசியில் எல்லாம் சுற்றி வந்து தன் மேலேயே நின்றது. அது எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் மதிய இடைவேளையில் நோட்டை எடுத்து இறப்பு என்று எழுதிய பெயர்களை மட்டும் எண்ணினாள். இருபத்தேழு. அதில் பத்தொன்பதுக்கு இறப்புச் சான்றிதழை அவளே கண்ணால் பார்த்திருந்தாள். மீதி எட்டு, யாரோ சொன்னது. ஏகாம்பரத்தையும் கண்ணம்மாவையும் தள்ளினால் ஆறு. அந்த ஆறு வீடுகளுக்கும் பள்ளி விட்டதும் மறுபடியும் நடந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. சிலர், இப்போதுதானே வந்துவிட்டுப் போனீர்கள் என்று சலித்துக்கொண்டார்கள். ஐந்து வீடுகளில் உண்மையிலேயே சாவு நடந்திருந்தது. ஒரு வீட்டில் மாலை போட்ட படத்தையே காட்டினார்கள்.

ஆறாவது வேம்புலியம்மாள். எண்பத்து மூன்று வயது. மூத்த மகன் வீட்டில், செத்துட்டாங்க என்று தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். இந்த முறை எப்போது, எங்கே அடக்கம் என்று கேட்டாள். மகன் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். எதிர்வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள்: வீட்டுப் பத்திரத்தில் தகராறு, அம்மா சின்ன மகனோடு பின்தெருவில் இருக்கிறாள். ஷைலா பின்தெருவுக்குப் போனாள். வேம்புலியம்மாள் கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காது கேட்காது. நான் ஓட்டுக்கு வந்திருக்கேன் என்று ஷைலா சத்தமாகச் சொன்னதும், எந்தச் சின்னம் என்று கேட்டாள்.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஷைலா ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். இந்த இரண்டு பெயர்களும் நான் சரியாக விசாரிக்காமல் இறந்தவர் எனப் பதிவு செய்தவை, இருவரும் உயிரோடு இருப்பதை நேரில் பார்த்தேன், தவறு என்னுடையது. ஜெபாவின் பெயரை எழுதவில்லை. டேவிட் அதைப் படித்துவிட்டு, தவறு என்னுடையது என்ற வரியையாவது எடு என்றான். அவள் எடுக்கவில்லை. அதை எடுத்தால் தவறு யாருடையது என்று கேட்பார்கள், அப்போது இன்னொருத்தரைச் சொல்ல வேண்டி வரும் என்றாள்.

கிருஷ்ணப்பிரியா அந்தத் தாளைத் தொடவே தயங்கினாள்.

"ஷைலா மேடம், ஒண்ணுன்னா தெரியாம நடந்ததுன்னு சொல்லலாம். ரெண்டுன்னு நீங்களே தேடிப் போய் கண்டுபிடிச்சிருக்கீங்க. மொத்தப் பாகத்தையும் மறுபடி செக் பண்ணுன்னு சொல்லுவாங்க. யார் பண்றது? நீங்களும் நானும்தான்."

அவள் சொன்னது பொய்யில்லை. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஷைலா அவளிடம் சண்டை போடவில்லை. வேம்புலியம்மாள் இந்தப் பாகத்திலேயே இருப்பதால் அந்தம்மாவைத் திரும்பச் சேர்க்கும் படிவத்தை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். ஏகாம்பரம் விஷயத்தை நானே நூம்பலில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், நீங்கள் பெற்றுக்கொண்டதாக நகலில் ஒரு சீல் மட்டும் வையுங்கள் என்றாள். கிருஷ்ணப்பிரியா சீலை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு நகலில் குத்தினாள். அதன்பிறகு மூன்று நாள் அவள் குழுவில் ஷைலாவின் எந்தச் செய்திக்கும் பதில் போடவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் ஷைலா தற்செயல் விடுப்புப் போட்டுவிட்டு, ஆவடியில் ஏகாம்பரத்தோடு பூந்தமல்லி பஸ் ஏறினாள். வீட்டைத் திறந்து காற்றாட விட வந்திருந்தவர், நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு அவர் முதல் தடவையாகக் கோபம் இல்லாமல் பேசினார். கண்ணம்மாவுக்கு சிறுநீரகக் கோளாறு. ஒன்றரை வருடம் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அவள் போன பிறகு அந்த வீட்டில் பதினொரு நாள்தான் அவரால் இருக்க முடிந்தது. பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஓட்டை மாற்றணும், கேஸை மாற்றணும் என்று வனஜா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் எதையும் செய்யவில்லை.

"ஒட்டி வச்சிருந்தாங்களே, அத பாத்ததும் எனக்கு மொதல்ல கோவமே வர்ல டீச்சர். அவ பேரு, அதுக்குக் கீழ என் பேரு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி எழுதி கீது. நெஜமா அப்டித்தான் கீறமோன்னு தோணுச்சு. ரொம்ப நேரம் அங்கயே நின்னுகினு இருந்தேன்."

ஷைலா ஜன்னல் பக்கம் பார்த்தாள். திருவேற்காடு தாண்டி ஒரே நெரிசல். பஸ் நகரவே இல்லை. பிறகு அவரே, அப்புறம்தான் கோபம் வந்தது, வந்தது நல்லதாகப் போயிற்று, ஒரு வருஷமாக நான் எதற்கும் வீட்டை விட்டு இறங்கினதில்லை என்றார்.

வேலப்பன்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். நிர்மல் நல்ல மனிதர்தான். ஆனால் கடிதத்தைப் பார்த்ததும், இது என் லெவல் இல்லை மேடம், விசாரணைக்குத்தான் போகணும் என்றார். விசாரணைத் தேதி பத்து நாள் கழித்துப் போட்டார்கள். அன்றைக்கு அவள் மறுபடி விடுப்புக் கேட்டபோது தலைமையாசிரியை, நீ சம்பளத்துக்கு வேலை பார்ப்பது இங்கேயா அங்கேயா என்று கேட்டார். ஷைலா, அதுதான் மேடம் எனக்கும் தெரியவில்லை என்றாள். எகத்தாளமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் வந்தது.

விசாரணை நடந்த இடத்தில் நூறு பேருக்கு மேல் காத்திருந்தார்கள். நாற்காலிகள் முப்பது. காலை பத்து மணிக்கு வரச்சொன்னார்கள். பன்னிரண்டரைக்கு டோக்கன் கொடுத்தார்கள். சர்வர் நின்றுவிட்டது என்று ஒரு மணி நேரம். சாப்பாட்டு இடைவேளை. ஏகாம்பரம் பென்ஷன் ஆணை, ஆதார், பழைய வாக்காளர் அட்டை, நவம்பரில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்த உயிர்ச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டிருந்தார். பென்ஷன் கொடுக்கிறவனுக்கு நான் உயிரோடு இருப்பது போனிலேயே தெரிகிறது, ஓட்டுக் கேட்கிறவனுக்குத் தெரியவில்லையா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பக்கத்தில் இருந்தவருக்கு அவர் கவலை. மகள் பதிவில் அப்பா பெயர் விட்டுப்போயிருந்தது.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தொண்டை கட்டிய ஒரு நடுவயதுக்காரர். படிவத்தைப் பார்த்தார். ஷைலாவின் கடிதத்தைப் பார்த்தார். அதை இரண்டாம் தடவை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத நீங்களே எழுதினீங்களா?"

"ஆமா சார்."

"யாரும் எழுதச் சொல்லல?"

"எழுத வேணாம்னுதான் சொன்னாங்க."

அவர் பேனாவை எடுத்து, சேர்க்கலாம் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏகாம்பரத்தின் உறையை அவர் திறக்கச் சொல்லவே இல்லை, பென்ஷன் ஆணையின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டார். மொத்தம் இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு ஒரு மாதம் அலைந்திருக்கிறோம் என்பதுதான் ஷைலாவுக்குத் தாங்கவில்லை. வாசல் வரை வந்ததும் அந்த அதிகாரி அவளைத் திரும்பக் கூப்பிட்டார். இந்தக் கடிதம் ஃபைலில் இருக்கும், உங்கள் பகுதி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வரலாம், வந்தால் பயப்படாமல் பதில் கொடுத்துவிடுங்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வனஜா ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். நூம்பலில் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று விடவில்லை. நாலு மணிக்கு சாம்பார் சாதமும் வறுவலும். தட்டை நீட்டியபடி வனஜா, நீங்கள் எழுதினதைக் கேட்டு நான் உங்களை எவ்வளவு திட்டினேன் தெரியுமா டீச்சர் என்றாள். தெரியும், எனக்கு விக்கிக்கொண்டே இருந்தது என்றாள் ஷைலா. ஒரு மாதத்தில் அன்றுதான் மூன்று பேரும் சிரித்தார்கள்.

பிப்ரவரியில் இறுதிப் பட்டியல் வந்தது. வேம்புலியம்மாள் பெயர் பழைய இடத்திலேயே இருந்தது. ஜெபாவின் பெயரும் இருந்தது. அவளே போன் செய்து சொன்னாள். ஏகாம்பரம் மதியம் கூப்பிட்டார். நூம்பல் பட்டியலில் பெயர் வந்துவிட்டதாம், ஆனால் வயது நாற்பத்தொன்று என்று இருக்கிறதாம்.

ஷைலாவுக்குத் தலையில் கை வைத்துக்கொள்ளத் தோன்றியது. அதற்கு எட்டாம் எண் படிவம் இருக்கிறது ஐயா, நான் நிரப்பித் தருகிறேன், நிர்மலிடம் கொடுத்தால் போதும் என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்மா. உட்ரு. முப்பது வயசு கொறச்சி குடுத்துக்கீறான், திருப்பி குடுக்க சொல்றியா?"

அவள் சரி ஐயா, இருக்கட்டும் என்றாள்.

மெமோ அடுத்த வாரம் வந்தது. ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், தராவிட்டால் தக்க நடவடிக்கை. கிருஷ்ணப்பிரியாவே பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள். பணிச்சுமை, மழை, குறுகிய காலம் என்று மூன்று காரணம் எழுதுங்கள் மேடம், எல்லாம் உண்மைதானே, நானும் மேற்பார்வையாளர் குறிப்பில் அதையே எழுதுகிறேன் என்றாள். தன் பாகங்களில் யாரோ சொன்னதை வைத்து இறப்பு என்று எழுதியிருந்த இன்னும் மூன்று பெயர்களைத் தானும் போய் விசாரித்ததாகவும், உயிரோடு இருந்த இரண்டு பேரைத் திரும்பச் சேர்த்ததாகவும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் மெதுவாகச் சொன்னாள்.

ஷைலா அன்று மாலையே பதில் எழுதினாள். மழையையும் பணிச்சுமையையும் எழுதினாள், ஏனென்றால் அவை உண்மை. கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை என்பதையும் எழுதினாள். மொத்தம் ஆறு வரி. பதவி உயர்வு என்ன ஆகும் என்று டேவிட் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் அவள் வகுப்புக்குப் போனாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு மாதத்தில் கழித்தல் கணக்கை மறந்திருந்தார்கள். கரும்பலகையில் முதல் கணக்கை எழுதி, கடன் வாங்கிக் கழிப்பதை முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தபோது அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பழுப்பு உறை. வரப்போகிற தேர்தலுக்கு அவளை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக நியமித்திருந்தார்கள். முதல் பயிற்சி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. வராவிட்டால் நடவடிக்கை.

அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, கணக்கை முடித்துவிட்டுத்தான் உறையைப் பைக்குள் வைத்தாள்.